ஆற்றுப்பூச்சிக் கண்காணிப்பு (பிரிட்டன்)

பிரிட்டனில் தூண்டில்காரர்கள் மாதம் ஒருமுறை ஆற்றில் இறங்கி, நீர்ப்பூச்சிகளை எண்ணி ஆற்றின் நலத்தைக் கண்காணிக்கும் தன்னார்வத் திட்டம். ரிவர்ஃப்ளை பார்ட்னர்ஷிப் என்ற கூட்டமைப்பு 2004இல் தோன்றியது. அதன் இத்திட்டம் 2007இல் நாடெங்கும் பரவத் தொடங்கியது. டிரவுட் மீனுக்கு இந்தப் பூச்சிகள் இரை. இறகும் நூலும் சுற்றி அவற்றைப் போலவே போலிப் பூச்சி செய்து தூண்டிலில் மாட்டுபவர்களுக்கு, எந்தப் பூச்சி எப்போது வரும் என்பது அத்துபடி. ஒருநாள் பயிற்சியோடு அவர்களை ஆற்றில் இறக்கியது நல்ல யோசனைதான்.

ஓட்டத்தை எதிர்நோக்கி வலையைப் பிடித்து, அதற்கு முன்னுள்ள படுகையைக் காலால் 3 நிமிடம் கிளறுவார்கள். பிறகு 1 நிமிடம் கற்களைப் புரட்டி, ஒட்டியிருப்பதைக் கையால் வழித்தெடுப்பார்கள். அகப்பட்டதெல்லாம் வெள்ளைத் தட்டுக்கு வரும். அதில் ஒரு சுள்ளித் துண்டு தானாக நகர்ந்தால், அது கேடிஸ் புழு. மணலையும் குச்சியையும் பட்டிழையால் ஒட்டிக் கூடு கட்டி, அதைச் சுமந்தே திரியும். கூடுள்ள கேடிஸ், கூடில்லாத கேடிஸ், மேஃப்ளையில் நான்கு வகை, ஸ்டோன்ஃப்ளை, நன்னீர்க் கூனி என எட்டுப் பிரிவுகளை மட்டும் எண்ணுகிறார்கள். ஒரு பிரிவில் 1 முதல் 9 வரை இருந்தால் 1 மதிப்பெண், 10 முதல் 99 வரை 2, 100 முதல் 999 வரை 3, அதற்கு மேல் 4. எண்ணி முடித்ததும் உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். கூட்டுத்தொகை அந்த இடத்துக்கென வகுத்த எச்சரிக்கை அளவுக்குக் கீழே இறங்கினால், இங்கிலாந்தில் சுற்றுச்சூழல் முகமைக்குத் தகவல் போகும்.

நீரை மொண்டு சோதித்தால் அந்த நேரத்து நிலைதான் தெரியும். நேற்றிரவு கலந்த நஞ்சு இன்று கடலை நோக்கிப் போயிருக்கும். இளம்பூச்சிகளோ மாதக்கணக்கில் ஆற்றிலேயே கிடப்பவை; அதனால் நஞ்சு கடந்துபோன பிறகும் அதன் பாதிப்பு அவற்றின் எண்ணிக்கையில் தெரியும்.

2013 ஜூலையில் இங்கிலாந்தின் கென்னெட் ஆற்றில் இது மெய்யானது. மார்ல்பரோ ஊருக்குக் கீழே பூச்சிகளும் கூனிகளும் அற்றுப்போயிருந்ததைத் தன்னார்வலர்களே முதலில் கண்டார்கள். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஆற்றில் கலந்திருந்தது; பாதிப்பு ஏறத்தாழ 15 கி.மீ. நீண்டது. மீன்கள் செத்து மிதக்காததால், கரையில் நின்று பார்ப்பவருக்கு ஆறு வழக்கம்போலத்தான் தெரிந்திருக்கும்.

எனினும் ஏதோ நேர்ந்துவிட்டது என்பதை மட்டுமே இம்முறை சொல்லும். நஞ்சு எது என்று கண்டறிய ஆய்வகம்தான் வேண்டும். மெல்ல மெல்ல ஏறும் மாசுக்கும் இந்த எட்டுப் பிரிவுகள் போதாது. அதற்காகவே 33 பிரிவுகளை எண்ணும் விரிவான முறையும் பின்னர் உருவாக்கப்பட்டது.