நாழி நெல்லும் நாவலூர்ப் பிள்ளைகளும்

"படிப்பு ஏறவில்லை, நின்றுவிட்டான்!" கல்லூரிக்குச் சென்று ஆறே திங்களில் வீடு திரும்பிய இளைஞனைப் பற்றி ஊரார் தரும் தீர்ப்பு இது. அறிக்கை எழுதுவோர் இதற்கு நாகரிகமான பெயர் ஒன்று வைத்திருக்கின்றனர்: இடைநிற்றல். நிற்றல் என்பது தன்வினை. நிற்பவன் தானாகவே நிற்கிறான் என்பது பொருள். பேருந்து வராததால் நின்றவன், கட்டணம் கட்ட வழியின்றி நின்றவன், கரும்பு வெட்டக் கை வேண்டுமென்று தந்தை அழைத்ததால் நின்றவன், கழுத்திலே தாலி ஏறியதால் நின்றவள், இவர்கள் அத்தனை பேரும் தாமாகவேவா நின்றனர்? இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் நாம். அந்த உரிமையோடு கேட்கிறோம்: இது தன்வினையா, பிறவினையா?

விடை தேட வெகுதொலைவு போக வேண்டியதில்லை. நாம் இருப்பது திருநாவலூர். சுந்தரர் பிறந்த ஊர் என்று பக்தர் கூட்டம் வந்துபோகும் ஊர். சேக்கிழார் சொல்லும் கதை பலருக்கும் தெரிந்ததே. தெருவிலே சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான் சிறுவன். அவ்வழியே வந்தார் நரசிங்க முனையரையர் என்னும் சிற்றரசர். கண்டார், களித்தார், பெற்றோரிடம் கேட்டுப் பெற்றார். அரண்மனையிலே வளர்த்தார், கலைகளைப் பயிற்றுவித்தார். கதையிலே உண்மை எவ்வளவு என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். அரண்மனைச் சோறும் ஆசானும் கிடைத்த பிள்ளை கற்றான் என்ற அளவிலே கதை நமக்குப் போதும். அதே தெருவிலே அன்று தேர் உருட்டிய மற்றப் பிள்ளைகள் என்ன ஆயினர்? புராணம் பேசவில்லை.

புராணம் பேசாததைக் கல் பேசுகிறது. நாவலூரைப் போலவே பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது எண்ணாயிரம் என்னும் சிற்றூர். அங்கே முதலாம் இராசேந்திர சோழன் காலத்திலே, பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, ஒரு கல்லூரி நடந்தது. மாணவர் 340 பேர், ஆசிரியர் 14 பேர், அதற்கென விடப்பட்ட நிலம் 45 வேலி. இருக்கு வேதம் ஓத 75 பேர், யசுர் வேதம் ஓத 75 பேர், இலக்கணம் பயில 40 பேர் என்று தலை எண்ணி எழுதியிருக்கின்றனர். கீழ்நிலை மாணவர் 270 பேருக்கும் நாளொன்றுக்கு ஆளுக்கு ஆறு நாழி நெல். மேல்நிலை மாணவர் 70 பேருக்கு ஆளுக்கு ஒரு குறுணி இரு நாழி, அதாவது பத்து நாழி. கூட்டிப் பாருங்கள்: மாணவர் வயிற்றுக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் 2320 நாழி நெல் அளக்கப்பட்டது!

புதுச்சேரிக்கு அருகேயுள்ள திரிபுவனியில் 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. முதலாம் இராசாதிராசன் காலத்தது. அங்கே 260 மாணவர், 12 ஆசிரியர், 72 வேலி நிலம். நெல் அளந்ததோடு நிற்கவில்லை. ஒரு விதியும் செய்தனர். ஓதுவிக்கும் ஆசிரியரையும் ஓதும் மாணவரையும் ஊர் வாரியப் பணிகளுக்கு அழைக்கக்கூடாது என்பது அந்த விதி. ஊர்ப்பணி எத்துணை உயர்ந்ததாயினும் அது மாணவனை ஓலையிலிருந்து பிரித்துவிடும் என்பதை அறிந்திருந்தனர்! வடக்கே பாலாற்றங்கரையில், காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டோ இன்னும் ஒருபடி மேலே போகிறது. விடுதி மாணவர்க்கு உணவு, படுக்கப் பாய், இரவிலே எரிய விளக்கு, சனிக்கிழமை தோறும் தலை முழுக எண்ணெய்!

பாய், விளக்கு, எண்ணெய், நெல். படிப்பவன் படித்துக்கொண்டே இருப்பதற்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியல், ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லிலே வெட்டப்பட்டுவிட்டது. அறியாமையால் எவரும் நின்றுவிடவில்லை, தோழர்களே! எவருக்கு அளப்பது என்பதிலேதான் வஞ்சனை. நான்மறையும் மீமாம்சையும் ஓதும் உரிமை பெற்ற ஒரு வகுப்பாருக்கு அளந்தனர். அந்த 45 வேலியிலும் 72 வேலியிலும் சேற்றிலே இறங்கி நாற்று நட்டவர் பிள்ளைக்கு எத்தனை நாழி? அவனுக்குப் படிப்பு ஏறாது என்பது அப்போதே முடிவாகிவிட்டது. ஏறுகிறதா என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

சோதித்துப் பார்க்கும் காலம் வரத் தொள்ளாயிரம் ஆண்டு ஆயிற்று. 1916-இல் சிதம்பரத்திலே சகசானந்தர் நந்தனார் பள்ளியைத் தோற்றுவித்தார். காவி உடுத்தியவர்தாம், அவர் வழி வேறு. ஆயினும் ஒடுக்கப்பட்ட பிள்ளைக்கு எழுத்து மட்டும் போதாது, தங்க இடமும் உண்ணச் சோறும் வேண்டும் என்று கண்டவர். நன்றியோடு நினைக்கிறோம்.

1920-இல் சென்னை மாநகராட்சி, தியாகராயர் தலைமையிலே, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலுணவு தர முடிவு செய்தது. செலவு ஒரு பிள்ளைக்கு ஓரணாவுக்கு மிகக்கூடாது. ஓரணா! அந்த ஓரணாவுக்கே பள்ளியில் சேர்வோர் தொகை பெருகிற்று; மேலும் சில பள்ளிகளுக்கும் திட்டம் பரவிற்று. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடலாகாது என்று வெள்ளையர் அரசு தடுத்தது. 1925-இல் அடுப்பு அணைந்தது; பிள்ளைகளும் குறைந்தனர். ஐந்தே ஆண்டிலே முடிந்த இந்தச் சோதனையைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்? அதே பிள்ளைகள், அதே மூளை, அதே ஆசிரியர்கள். மாறியது தட்டு மட்டுந்தான்.

அதன் பிறகு நடந்ததை இளைஞர்கள் அறிவர். 1953-இல், ஒரு வேளை பள்ளி, மறு வேளை தந்தை தொழில் என்ற திட்டம் வந்தது, நாடு கொதித்தது, 1954-இல் அது ஒழிந்தது. 1956-இல் காமராசர் ஆட்சியிலே பகலுணவு ஊர் ஊராகப் பரவ, கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அல்லும் பகலும் அலைந்தார். 1982-இல் அது சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. ஓரணாவுக்குத் தடைபோட்ட நாட்டிலே இத்தனையும் நடந்தன.

ஆனால் வரலாறு எல்லாத் தெருவிலும் ஒரே நாளில் நுழைவதில்லை. நம் ஊருக்கு மேற்கே கல்வராயன் மலை தெரிகிறதே, அதன் கதை வேறு. நாடு விடுதலை பெற்றது 1947-இல். மலையாளிப் பழங்குடியினர் வாழும் அம்மலை மூன்று சாகிர்தார்கள் பிடியிலிருந்து அரசின் கைக்கு வந்தது 1976-இல். இருபத்தொன்பது ஆண்டு இடைவெளி! கூலியின்றி உழைத்த பாட்டனின் பேரப்பிள்ளைதான் இன்று கல்லூரி வாயிலிலே நிற்கிறான். 2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகே, அம்மலையின் வறுமையை உயர்நீதிமன்றம் தானே வழக்காக எடுத்து ஆராய்ந்தது. அச்சாவிலே பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. சரியான முடிவு. ஆனால் பிணம் விழுந்த பிறகுதானா விடுதியின் நினைவு வரவேண்டும்?

பள்ளிக்குள்ளே நாம் இடித்த சுவர், இன்று நகர்ந்துபோய்க் கல்லூரியின் முதலாண்டிலே நிற்கிறது. பள்ளியிலே சோறு உண்டு, சீருடை உண்டு, பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியர் உண்டு. கல்லூரியிலே? காலைப் பேருந்தைத் தவறவிட்டால் அன்றைய பாடம் போயிற்று. பாடம் ஆங்கிலத்தில்; ஐயம் கேட்க அச்சம். வீட்டிலே கேட்டுத் தெரிந்துகொள்ளலாமென்றால் அந்த வீட்டில் கல்லூரி கண்டவரே இல்லை. முதற் பருவத் தேர்வில் இரண்டு தாள் போயிற்று. திருப்பூருக்குப் போன நண்பன் கூலி வாங்கி ஊருக்கு அனுப்புகிறான். சொல்லுங்கள், எத்தனை நாள் தாங்குவான்? 2022-இல் புதுமைப் பெண் திட்டமும் 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் திங்களுக்கு 1000 ரூபாய் என்று தொடங்கப்பட்டபோது, 'இலவசம்' என்று இகழ்ந்தவர்கள் உண்டு. எண்ணாயிரத்து நாழி நெல்லை இலவசம் என்று இகழ்ந்தவர் எவரையும் நாம் கண்டதில்லை. அது தருமமாம்!

நம் நாட்டிலே 1995-இல் புதுவையிலும் 1996-இல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் எழுந்தன. படிப்பைத் தொடர முடியாதவருக்குத் தொழிலும் தன்னம்பிக்கையும் தருவது அவற்றின் நோக்கம். அப்பெயர் பிறந்த அமெரிக்காவிலும் இதே நோய் உண்டு. சேர்வோர் பலர், முடிப்போர் சிலர். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தினர் 2007-இல் ஒரு மருந்து கண்டனர். கட்டணத்தில் குறைவதை ஈடுசெய்தனர், பாடநூல் தந்தனர், பயணச் சீட்டு தந்தனர், அடிக்கடி சந்தித்துப் பேச ஓர் ஆலோசகரையும் தந்தனர். சீட்டுக் குலுக்கி மாணவரை இரு பகுதியாக்கி ஒப்பிட்டனர். துணையில்லாதவரில் மூன்றாண்டில் பட்டயம் முடித்தோர் நூற்றுக்கு 22; துணை பெற்றவரில் 40! பயணச் சீட்டும் பாடநூலும் பேச ஓர் ஆளும் சேர்ந்து, முடித்தவர் தொகையை ஏறத்தாழ இருமடங்காக்கிவிட்டன. திருமுக்கூடல் விளக்கின் வெளிச்சம் எங்கே போய் விழுகிறது பாருங்கள்!

விடுதி எழுப்புவதும் பேருந்து விடுவதும் அரசின் கடன், கேட்டுப் பெறுவோம். ஆனால் ஆலோசகருக்காக ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டுமா? ஊர்தோறும் படிப்பகம் நடத்தும் தோழர்கள், தம் ஊரிலிருந்து இவ்வாண்டு கல்லூரி புகும் பிள்ளைகளின் பெயர்களை ஓர் ஏட்டிலே எழுதட்டும். திங்களுக்கு இருமுறை அவர்களைக் கண்டு பேசட்டும். தேர்வுக் கட்டணம் கட்டும் நாள், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நாள், சாதிச் சான்று வருமானச் சான்று வாங்கும் இடம் ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்கட்டும். பட்டம் பெற்ற அக்காள் ஒருத்தி மாலையிலே ஒரு மணி நேரம் ஆங்கிலப் பாடத்தைத் தமிழிலே விளக்கட்டும். ஒரு வாரம் கல்லூரிக்குப் போகாதவன் வீட்டுத் திண்ணையிலே மறுவாரமே போய் அமரவேண்டும். மூன்று திங்கள் கழித்துப் போனால் அவன் திருப்பூரிலே இருப்பான்.

காலைப் பேருந்தைக் கல்லூரி நேரத்துக்கு முன்னதாக விடும்படி மனு எழுதும்போது, திரிபுவனிக் கல்வெட்டையும் அதிலே குறிப்பிடுங்கள். மாணவன் நேரத்துக்கு மதிப்புத் தந்த ஆவணம் அது. பழமை என்றால் உருகுகின்ற அதிகாரிகள் சிலர் இருக்கின்றனர். அவர்களுக்கு அது உதவக்கூடும்.