25 பின்னிலிருந்து 4 கம்பிக்கு – ஒரு பி.காம்காரன் படித்த பின் வரலாறு

பி.காம் படிக்கிறவனுக்கு எஃப்.பி.ஜி.ஏ.வோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். பெரியம்மா மகன் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் இ.சி.இ. கடைசி வருடம். அவர் ப்ராஜெக்ட் போர்டு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் ஒரு மாதம் கிடந்தது. "பின் பத்தலைடா" என்று ஒருநாள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பின் பத்தாதா, கடையில் வாங்கினால் போச்சு என்று நினைத்தேன் :-) அப்புறம் கிளறியதில் கிடைத்த கதை இது.

1970ல் சென்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் பிரிண்டருக்கு 36 பின் இணைப்பு வைத்தது. 1981ல் ஐ.பி.எம். தன் பி.சி.யில் அதை 25 ஆகக் குறைத்தது. அதில் 8 தரவுக்கு, 4 கட்டளைக்கு, 5 "பேப்பர் தீர்ந்தது, பிஸி" மாதிரி நிலவரம் சொல்ல, மீதி 8 வெறும் கிரவுண்ட். மவுஸுக்கு ஒரு துளை, கீபோர்டுக்கு ஒரு துளை என்று கம்ப்யூட்டரின் முதுகு முழுக்க ஓட்டை.

இன்டெலில் வேலை பார்த்த அஜய் பட், பரோடா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவரும் குழுவினரும் இதற்கு முடிவு கட்டினார்கள். ஏழு கம்பெனிகள் சேர்ந்து 1996 ஜனவரியில் யு.எஸ்.பி. 1.0 வெளியிட்டன. மொத்தம் 4 கம்பி. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. 2000ல் வந்த 2.0 அதே நான்கு கம்பியில் நொடிக்கு 480 மெகாபிட் ஓட்டியது.

வெளியே நாலு கம்பி, சரி. உள்ளே? அங்கேதான் கதை திரும்புகிறது. வரிசையாக வரும் பிட்டுகளை ஒரு சிப் பிரித்து அடுக்கி, பக்கத்து சிப்புக்கு அகலமான பாதையில் கொடுக்க வேண்டும். வெளியே மிச்சம் பிடித்த பின்கள் உள்ளே மறுபடி முளைத்துவிடும். யு.டி.எம்.ஐ. என்ற உள்ளிணைப்பு இரண்டு டஜன் கம்பியைத் தாண்டும். 2004ல் வந்த யு.எல்.பி.ஐ. அதை 12 ஆக்கியது: தரவு 8, கடிகாரம் 1, கட்டுப்பாடு 3. கடிகாரம் 60 மெகாஹெர்ட்ஸ். 60ஐ 8ஆல் பெருக்குங்கள், அதே 480! எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

எஃப்.பி.ஜி.ஏ.வின் கதை வேறு. ராஸ் ஃப்ரீமனும் நண்பர்களும் 1984ல் சைலிங்க்ஸ் தொடங்கி, 1985ல் முதல் சிப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் லாஜிக் கட்டங்கள் 64தான். இன்று அவை லட்சக்கணக்கில். பின் மட்டும் அந்த வேகத்தில் வளரவில்லை. நம்ம ஊர்ப் பக்கம் மக்காச்சோளக் கொல்லையை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை இரட்டிப்பாக்கினால் நிலம் நாலு மடங்கு, வேலி இரண்டு மடங்குதான். லாஜிக் நிலம், பின் வேலி. 1960லேயே ஐ.பி.எம்.மில் ரென்ட் என்பவர் லாஜிக்குக்கும் பின்னுக்கும் உள்ள விகிதத்தைக் குறித்துவைத்தார். ரென்ட் விதி என்றே பெயர்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'கீ ஃபேக்டர்' படித்திருப்பீர்கள். எது பற்றாக்குறையோ, அதன் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பார்க்கணும். அண்ணனுக்கு அது பின். மெமரி எல்லாவற்றையும் தின்றுவிட்டு 22 பின்தான் மிச்சம். அவர் வாங்கியது சைப்ரஸ் கம்பெனியின் எஃப்.எக்ஸ்.2 வகை கன்ட்ரோலர் (2020ல் அந்தக் கம்பெனியை இன்ஃபினியன் வாங்கிவிட்டது). 16 பிட் பாதை வைத்தால்: தரவு 16, கடிகாரம் 1, படிக்க-எழுத-திறக்க 3, முகவரி 2, பாக்கெட் முடிக்க 1, நிலவரக் கொடி 3. ஆகமொத்தம் 26. நாலு பின் துண்டு!

8 பிட்டாக்கினால் 18. வேகம் பாதியாகுமே என்றார். கணக்குப் போட்டோம். 8 பிட், 48 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 48 மெகாபைட். யு.எஸ்.பி. 2.0 நடைமுறையில் கொடுப்பது 40 சொச்சம்தான். ஆக அந்தக் கூடுதல் 8 பின் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கும் ஆள். இன்னொன்று, முகவரியில் ஒரு பின்னை கிரவுண்டில் கட்டிவிட்டால் நாலு வாசலில் இரண்டு கிடைக்கும், போக ஒன்று, வர ஒன்று. அது போதும். 17 ஆனது, கையிருப்பு 5.

வேகமே வேண்டாம் என்றால் இன்னும் சிக்கனம். ஐ.ஐ.டி. மெட்ராஸின் சக்தி ப்ராசஸரை ஆர்ட்டி ஏ7 போர்டில் ஏற்றி ஓட்டலாம். அந்த போர்டில் யு.எஸ்.பி. வழியாக எழுத்துகளை அனுப்ப, வாங்க எஃப்.பி.ஜி.ஏ. தரும் பின் இரண்டே இரண்டு.

போர்டு அச்சாகி வந்தது. கடிகாரக் கம்பி சாதாரணப் பின்னில் போய் நின்றிருந்தது. சிப்புக்குள் கடிகாரத்துக்கென்று தனிப் பாதை உண்டு, குறிப்பிட்ட சில பின்களிலிருந்துதான் அதில் நுழைய முடியும். மென்பொருள் சிவப்பில் கத்தியது. ரெவ்யூவுக்கு நாலு நாள். புது போர்டுக்கு நேரமும் இல்லை, காசும் இல்லை.

கையிருப்பு ஐந்தைத் தேடினோம். அதில் ஒன்று கடிகாரத்துக்கு ஏற்ற பின்! அச்சுக் கம்பியைப் பிளேடால் அறுத்துவிட்டு, தலைமுடி மாதிரி ஒரு வயரை அண்ணன் சால்டர் வைக்க, டார்ச் பிடித்தது நான். மணி மூன்றுக்கு லேப்டாப் "டிங்" என்றது. சாப்பாட்டு மேசையில் சால்டர் வைத்த கருப்புத் தழும்பு இன்னும் இருக்கிறது, அம்மா அதன்மேல் தட்டு வைத்து மறைக்கிறார்.