டார்கர்சன் தீவுக்கு ஒரு படகு

அண்டார்க்டிக் தீபகற்பத்தின் மேற்கே, ஆன்வர்ஸ் தீவின் கரையில் அமெரிக்காவின் பால்மர் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1960களின் இறுதியில் எழுந்த அந்நிலையத்தில் கோடையில் 40 பேர் அளவில் வாழ்கிறார்கள். பின்னால் பனியாறு, முன்னால் கடல். ஓய்வு நாளில் உலாவ விரும்புகிறவர் பனிமேட்டில் ஏற வேண்டும், அல்லது காற்றடைத்த ரப்பர் படகில் ஏற வேண்டும்.

படகுக்குத் தனியாகச் செல்லக் கூடாது; வானொலியில் இருப்பிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நெடுங்காலம் எல்லை சுமார் 2 கடல் மைல்தான். காற்று திரும்பிவிட்டால் ஒதுங்குவதற்காகத் தீவுகளில் கூடாரமும் உணவும் வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த உலாக்களில் பலரும் விரும்பிச் சென்ற இடம், சில நிமிடத் தொலைவிலுள்ள டார்கர்சன் தீவு. அடேலி பென்குயின்களின் ஊர் அது.

1975இல் அந்தச் சுற்றுவட்டத் தீவுகளில் சுமார் 15,000 இணைகள் கூடு கட்டின. பின்னர் அவை குறையத் தொடங்கின. ஐயம் இயல்பாகவே மனிதக் காலடிகள்மேல் விழுந்தது. டார்கர்சனின் ஒரு பகுதி பார்வையாளருக்குத் திறந்துவிடப்பட்டது, மறுபகுதி மூடப்பட்டது. பில் ஃப்ரேசரும் அவருடைய குழுவினரும் ஆண்டுதோறும் எண்ணி ஒப்பிட்டார்கள். இரு பகுதிகளிலும் பறவைகள் குறைந்துகொண்டே வந்தன. மனித நடமாட்டம் பெரிய வேறுபாடு எதையும் உண்டாக்கியிருக்கவில்லை.

காரணம் வானத்திலும் கடலிலும் இருந்தது. காற்று வெம்மையடைய, அது சுமக்கும் ஈரம் கூடிப் பனிப்பொழிவு மிகுந்தது. வசந்தத்தில் அது உருகிக் கூடுகளை நனைத்தது, முட்டைகள் அழுகின. அடேலிகள் குளிர்காலத்தில் நம்பியிருந்த கடற்பனியும் சுருங்கியது. வெம்மை தாங்கும் ஜென்டூ பென்குயின்கள் 1990களில் குடியேறின.

இவ்வழக்கின் இறுதிச் சாட்சி, அருகிலுள்ள லிட்ச்ஃபீல்ட் தீவு. 1975 முதல் அது காப்பிடம். உரிய அனுமதியின்றி எவரும் கரையேற முடியாது. உலாப் படகுகள் அதை விலகியே கடந்தன. நூற்றாண்டுகளாக அடேலிகள் வாழ்ந்த அந்தத் தீவில் 2007இல் ஓர் இணைகூட இல்லை.

படகில் வந்தவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் அவர் கவனமாக எடுத்துவைத்த அடிகளைவிட, அவரும் நாமும் ஊரில் மூட்டிய நெருப்பு அந்தத் தீவை வெகு முன்னரே எட்டியிருந்தது. அதைத் தடுக்கும் வேலியை எந்தத் தீவைச் சுற்றிப் போடுவது?