பெயர் வழங்கித் தொகுப்பு

பெயர் வழங்கித் தொகுப்பு என்பது ஓர் ஆள்களப் பெயர் பற்றிய வினாக்களுக்கு விடையளிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட பெயர் வழங்கிகளின் பட்டியல் ஆகும். ஓர் இணையத்தளத்தின் பெயரை உலாவியில் தட்டச்சு செய்யும்போது, அப்பெயருக்குரிய ஐபி முகவரியை அதிகாரபூர்வமாகக் கூறுபவை இத்தொகுப்பில் உள்ள வழங்கிகளே. அப்பெயருக்கு வரும் மின்னஞ்சல் எந்தக் கணினிக்குச் செல்ல வேண்டும் என்பதையும் இவையே தெரிவிக்கின்றன. எனவே தளம் இயங்கும் கணினிகள் நல்ல நிலையில் இருந்தாலும், இப்பட்டியலில் நேரும் ஒரு பிழை ஒரு நிறுவனத்தை இணையத்தில் காணாமல் செய்துவிடக்கூடும்.

இப்பட்டியலைப் பதிவாளரின் இணையப் பக்கத்தில் நுழைந்து கையால் மாற்றலாம். பல ஆள்களங்களை வைத்திருப்போர், பதிவாளர் வழங்கும் வலை ஏபிஐ வழியாக, அதாவது நிரல்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுவதற்கான இடைமுகத்தின் வழியாக, இதனை மேலாண்மை செய்கின்றனர்.

வரலாறு

ஆள்களப் பெயர் முறைமையைப் பால் மொக்கபெட்ரிசு 1983 ஆம் ஆண்டில் வடிவமைத்தார். இன்றும் அடிப்படையாக விளங்கும் ஆர்எஃப்சி 1034, 1035 ஆகிய ஆவணங்கள் 1987 நவம்பரில் வெளியாயின. ஓர் ஆள்களத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் வழங்கிகள் இருக்க வேண்டும் என்ற கொள்கை அப்போதே வகுக்கப்பட்டது.

இந்தியாவுக்குரிய .இன் மேல்நிலை ஆள்களம் 1989 இல் உருவாக்கப்பட்டது. 2003 இல் தொடங்கப்பட்ட இந்திய தேசிய இணைய மாற்றகம் (நிக்சி) பின்னர் இதன் பொறுப்பை ஏற்றது. 2005 இல் பதிவு விதிகள் தளர்த்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற பதிவாளர்கள் வழியாக எவரும் .இன் பெயரைப் பெறும் நிலை ஏற்பட்டது. அதே ஆண்டில் எஃப் வேர் வழங்கியின் படி ஒன்று சென்னையில் நிறுவப்பட்டது. தமிழ் எழுத்துகளில் அமைந்த .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகிய மேல்நிலை ஆள்களங்கள் 2010, 2011 ஆம் ஆண்டுகளில் வேர்ப் பகுதியில் சேர்க்கப்பட்டன.

பதிவாளரின் கணினியும் பதிவகத்தின் கணினியும் பேசிக்கொள்ளும் ஈபிபி நெறிமுறை 2004 இல் ஆர்எஃப்சியாக வெளியிடப்பட்டது. அதன் தற்போதைய வடிவம் 2009 இல் வந்த ஆர்எஃப்சி 5730 முதல் 5734 வரையிலான ஆவணங்களில் உள்ளது.

செயற்படும் முறை

பெயர் வழங்கித் தொகுப்பின் மாற்றம் மூன்று கட்டங்களைக் கடக்கிறது.

முதலாவதாக, பயனரின் நிரல் பதிவாளரின் ஏபிஐக்கு எச்டிடிபிஎஸ் வழியாக வேண்டுகோள் ஒன்றை அனுப்புகிறது. அதில் ஆள்களப் பெயர், புதிய வழங்கிகளின் பட்டியல், பயனரை அடையாளம் காட்டும் மறைச்சாவி ஆகியவை இருக்கும். பட்டியல் பெரும்பாலும் சேசன் வடிவில் எழுதப்படுகிறது. தமிழ் எழுத்துப் பெயர்களைப் பொதுவாக அவற்றின் பியூனிகோடு வடிவில், அதாவது உரோம எழுத்துகளாக மாற்றி அனுப்ப வேண்டும்.

இரண்டாவதாக, பதிவாளர் அவ்வேண்டுகோளை ஈபிபி கட்டளையாக மாற்றிப் பதிவகத்துக்கு அனுப்புகிறார். பதிவகம் எண் வடிவில் விடையளிக்கிறது. 1000 என்பது செயல் நிறைவேறியதையும், 1001 என்பது ஏற்கப்பட்டு இன்னும் நிலுவையில் உள்ளதையும் குறிக்கும். 2303 என்றால் குறிப்பிட்ட பொருள் பதிவகத்தில் இல்லை என்றும், 2304 என்றால் ஆள்களத்தின் நிலை அம்மாற்றத்தைத் தடுக்கிறது என்றும் பொருள்.

மூன்றாவதாக, பதிவகம் தன் பகுதிக் கோப்பைப் புதுப்பிக்கிறது. ஆயினும் உலகெங்கும் உள்ள இடைநிலை வழங்கிகள் பழைய விடையை அதன் வாழ்நாள் முடியும் வரை நினைவில் வைத்திருக்கும். .காம் பதிவகம் தரும் ஒப்படைப்புப் பதிவின் வாழ்நாள் 172800 வினாடிகள், அதாவது இரண்டு நாட்கள் ஆகும். ஏபிஐ வெற்றி என்று கூறிய நேரமும், எல்லோரும் புதிய வழங்கிகளை நாடும் நேரமும் ஒன்றல்ல.

தொகுப்பைக் குறிக்கும் வகைகள்

பதிவகங்கள் இத்தொகுப்பை மூன்று வகைகளில் பதிந்து வைக்கின்றன.

முதல் வகையில், வழங்கிகளின் பெயர்கள் ஆள்களத்தின் பண்புகளாக நேரடியாக எழுதப்படும். இரண்டாம் வகையில், ஒவ்வொரு வழங்கியும் தனிப்பொருளாகப் பதியப்பட்டு ஆள்களத்துடன் இணைக்கப்படும். இங்கு வழங்கியை முதலில் பதிந்த பின்னரே அதனை ஆள்களத்துடன் இணைக்க முடியும். இவ்வொழுங்கை மாற்றினால் 2303 பிழை வரும்.

மூன்றாம் வகையில், தொகுப்பே ஒரு தனிப்பொருள் ஆகும். செக் நாட்டுப் பதிவகமான சிஇசட்.நிக் உருவாக்கிய பிரெட் மென்பொருளில் இம்முறை உள்ளது. நூறு ஆள்களங்கள் ஒரே தொகுப்பைச் சுட்டினால், தொகுப்பை ஒருமுறை திருத்துவதே போதுமானது. ஆனால் அதில் நேரும் ஒரு பிழையும் நூறு ஆள்களங்களையும் ஒருசேரப் பாதிக்கும்.

அமேசானின் ரூட் 53 சேவையிலும் நான்கு வழங்கிகள் கொண்ட ஒரே தொகுப்பைப் பல ஆள்களங்களுக்குப் பயன்படுத்தும் வசதி உண்டு. இது பதிவகத்தின் தொகுப்பு அன்று. பெயர் வழங்கிச் சேவை அளிப்போரின் தொகுப்பு ஆகும்.

மாற்றும் ஒழுங்கு

ஏபிஐ வழியாகத் தொகுப்பை மாற்றுவோர் பொதுவாகப் பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடிக்கின்றனர்.

1. பழைய வழங்கிகளில் உள்ள பதிவுகள் அனைத்தையும் புதிய வழங்கிகளில் ஏற்றுதல். தளப் பதிவை ஏற்றிவிட்டு மின்னஞ்சல் பதிவை மறப்பது அடிக்கடி நேரும் தவறு.
2. புதிய வழங்கி ஒவ்வொன்றையும் தனித்தனியே வினவி, எல்லாம் ஒரே விடையைத் தருகின்றனவா எனச் சரிபார்த்தல்.
3. டிஎன்எஸ்செக் கையொப்பம் பயன்பாட்டில் இருந்து, புதிய வழங்கிகள் அதே சாவியைப் பயன்படுத்தாவிட்டால், பதிவகத்தில் உள்ள டிஎஸ் பதிவை முன்கூட்டியே நீக்கி அதன் வாழ்நாள் முடியும் வரை காத்திருத்தல்.
4. தற்போதைய தொகுப்பை ஏபிஐ வழியாகப் படித்துச் சேமித்து வைத்தல். பிழை நேர்ந்தால் திரும்பச் செல்வதற்கு இதுவே வழி.
5. புதிய தொகுப்பை அனுப்புதல்.
6. ஏபிஐயின் விடையை மட்டும் நம்பாமல், பதிவகத்தின் வழங்கிகளையே வினவி மாற்றத்தை உறுதி செய்தல்.
7. பழைய வழங்கிகளைக் குறைந்தது இரண்டு நாட்களேனும் தொடர்ந்து இயக்குதல்.

பல ஏபிஐகளில் அனுப்பப்படும் பட்டியல் பழைய பட்டியலுடன் சேர்க்கப்படுவதில்லை. அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நான்கு வழங்கிகளுடன் ஐந்தாவதைச் சேர்க்க எண்ணி அந்த ஒன்றை மட்டும் அனுப்பினால், மற்ற நான்கும் நீங்கிவிடும், அல்லது ஒரே வழங்கி போதாது என்று வேண்டுகோள் மறுக்கப்படும்.

ஆள்களத்தின் பெயர் வழங்கி அதே ஆள்களத்துக்குள் அமைந்திருந்தால், அதன் ஐபி முகவரியையும் பதிவகத்தில் பதிய வேண்டும். இதற்குப் பசைப் பதிவு என்று பெயர். வழங்கி வேறு முகவரிக்கு இடம்பெயரும்போது இப்பதிவையும் தனியே திருத்த வேண்டும்.

இடப் பரவல்

1997 இல் வெளியான ஆர்எஃப்சி 2182, ஒரு தொகுப்பின் வழங்கிகள் வெவ்வேறு வலையமைப்புகளிலும் வெவ்வேறு ஊர்களிலும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. ஒரே கட்டடத்தில் இரண்டு வழங்கிகளை வைப்பது எண்ணிக்கையை நிறைவு செய்யுமே தவிர, பாதுகாப்பு அளிக்காது.

வட சென்னையின் துறைமுகப் பகுதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளில் சுங்க முகவர்கள், சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள், கொள்கலன் நிலையங்கள், தொழிற்சாலைகள் ஆகியவை செறிந்துள்ளன. கப்பல் நிறுவனங்களுடனான இவற்றின் கடிதப் போக்குவரத்து பெரும்பாலும் மின்னஞ்சலையே சார்ந்துள்ளது. மின்னஞ்சல் வந்து சேராவிட்டால் சரக்கை விடுவிக்கும் ஆணை தாமதமாகும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் கொள்கலனுக்குத் தாமதக் கட்டணம் ஏறும்.

2015 திசம்பர் பெருவெள்ளம், 2016 திசம்பர் 12 அன்று சென்னைக்கு அருகே கரையைக் கடந்த வர்தா புயல், 2023 திசம்பரில் வந்த மிக்சாம் புயல் ஆகியவற்றின்போது நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் தடைப்பட்டன. மிக்சாம் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெயும் பரவியது. இத்தகைய நாட்களில் அலுவலகத்துக்குள்ளேயே இரண்டு பெயர் வழங்கிகளையும் வைத்திருக்கும் நிறுவனம், தன் தளத்தை வெளியூரில் நடத்தினாலும் இணையத்தில் மறைந்துவிடும். ஒரு வழங்கியேனும் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் பெயர் நிலைத்திருக்கும்.

நிறுவனங்களின் பெயர் மாற்றமும் இங்கு கருதத்தக்கது. எண்ணூர் துறைமுக நிறுவனம் 2014 இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்டது. இவ்வாறு பெயர் மாறும் எந்த நிறுவனமும் பழைய ஆள்களத்தைக் கைவிடாமல், இரு ஆள்களங்களையும் ஒரே பெயர் வழங்கித் தொகுப்பில் சில ஆண்டுகள் வைத்திருப்பது நல்லது. கைவிடப்பட்ட பெயரை வேறொருவர் பதிந்துகொண்டால், பழைய முகவரிக்கு வரும் கடிதங்கள் அவரிடம் சென்று சேரும்.

அறியப்பட்ட நிகழ்வுகள்

2001 சனவரியில் மைக்ரோசாப்டின் தளங்கள் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் கிடைக்கவில்லை. அதன் நான்கு பெயர் வழங்கிகளும் ஒரே வலையமைப்புப் பகுதியில் இருந்ததும், ஒரு திசைவியின் அமைப்பில் செய்யப்பட்ட தவறான மாற்றமும் இதற்குக் காரணமாயின.

2017 சூலையில் .ஐஓ மேல்நிலை ஆள்களத்தின் ஏழு பெயர் வழங்கிகளில் நான்கின் பெயர்கள் பதிவுக்குத் திறந்திருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர் மேத்யூ பிரயன்ட் கண்டறிந்தார். அவற்றை அவர் பதிந்துகொண்டு, உரியவர்களுக்குத் தெரிவித்தார்.

2018 செப்டம்பர் 24 அன்று, சென்னையைச் சார்ந்த மென்பொருள் நிறுவனமான சோகோவின் முதன்மை ஆள்களத்தை, அதன் அமெரிக்கப் பதிவாளரான டியராநெட், தூண்டில் மோசடி மின்னஞ்சல் பற்றிய முறையீடுகளின் பேரில் நிறுத்தி வைத்தது. சோகோவின் வழங்கிகள் இயங்கிக்கொண்டிருந்தன; ஆயினும் அவற்றுக்கு வழிகாட்டப் பெயர் இல்லாமற் போயிற்று. நிறுவனத்தின் அப்போதைய தலைமைச் செயல் அலுவலர் சிறீதர் வேம்பு டுவிட்டர் வழியாக உதவி கோரினார். சில மணி நேரத்தில் பெயர் மீட்கப்பட்ட பின்னரும், இடைநிலை வழங்கிகளின் நினைவில் பழைய விடை இருந்ததால் பலருக்குச் சேவை உடனே திரும்பவில்லை. பின்னர் சோகோ தன் ஆள்களத்தை வேறு பதிவாளரிடம் மாற்றிக்கொண்டது. எத்தனை பெயர் வழங்கிகள் இருந்தாலும், பதிவாளர் என்ற ஒற்றைக் கண்ணி அறுந்தால் பயனில்லை என்பதை இந்நிகழ்வு காட்டியது.

2021 அக்டோபர் 4 அன்று, பேஸ்புக்கின் பெயர் வழங்கிகளுக்கான வழித்தட அறிவிப்புகள் திரும்பப் பெறப்பட்டதால், அதன் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் கிடைக்கவில்லை.

பாதுகாப்பு

ஏபிஐ மறைச்சாவியைக் கைப்பற்றும் ஒருவர் பெயர் வழங்கித் தொகுப்பைத் தன் வழங்கிகளுக்குத் திருப்பிவிட முடியும். அதன்பின் மின்னஞ்சல், கடவுச்சொல் மீட்பு, மறையாக்கச் சான்றிதழ் ஆகியவையும் அவர் கைக்குச் சென்றுவிடும். 2019 சனவரியில், இத்தகைய தாக்குதல்களைத் தொடர்ந்து, அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை தன் நாட்டு அரசுத் துறைகளுக்கு அவசர ஆணை பிறப்பித்தது.

மறைச்சாவியை நிரலின் மூலத்துக்குள் எழுதாதிருத்தல், குறிப்பிட்ட ஐபி முகவரிகளில் இருந்து மட்டும் ஏபிஐ அணுக்கத்தை அனுமதித்தல், இருபடி உறுதிப்பாடு, பதிவகப் பூட்டு ஆகியவை வழக்கமான காப்புகள் ஆகும். பதிவகப் பூட்டு இடப்பட்ட ஆள்களத்தின் தொகுப்பை ஏபிஐ வழியாக மட்டும் மாற்ற இயலாது; பதிவாளர் பதிவகத்தைத் தனி வழியில் தொடர்புகொண்டு பூட்டை நீக்க வேண்டும். அடிக்கடி மாறாத முதன்மை ஆள்களத்துக்கு இப்பூட்டும், ஏனைய ஆள்களங்களுக்கு ஏபிஐயும் பொருத்தமானவை.

இவற்றையும் பார்க்க

ஆள்களப் பெயர் முறைமை
ஐபி முகவரி
வேர்ப் பெயர் வழங்கி
.இன்
பியூனிகோடு
காமராசர் துறைமுகம்