பிரசவ அறையில் சம்மதம்: செவிலியப் பணியும் சட்டமும்

வட இந்தியக் கிராமங்கள் பலவற்றில் தொப்புள் கொடியை அறுப்பது தீட்டு வேலையாகக் கருதப்பட்டு, தலித் பெண்களின் தலையில் சுமத்தப்பட்டது. மகப்பேறு மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்தபின் அதே பணி சீருடையும் சான்றிதழும் பெற்றது. தீட்டு ஒழியவில்லை, கட்டிலில் படுத்திருப்பவள் பக்கம் நகர்ந்தது. தொடத் தயங்கும் கைகளைப் பற்றியும், வலியில் கத்தியதற்காகக் கேட்ட ஏச்சுகளைப் பற்றியும் எங்களிடம் வரும் பெண்கள் பேசுகிறார்கள். வழக்காக்கலாம் என்பதுதான் அவர்களுக்குத் தெரிவதில்லை.

1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் அனுமதி மறுப்பதைத் தண்டிக்கிறது. அதே பிரிவு, அனுமதித்த பின் பாகுபாடு காட்டுவதையும் குற்றமாக்குகிறது. பலரும் படிக்காமல் விடும் பகுதி இது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, உடன் அபராதம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் எனில், செயல் தீண்டாமையின் பேரில் நிகழ்ந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும் என்கிறது 12ஆம் பிரிவு. மறுத்து நிரூபிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ச் சாதிப் பெயர் சொல்லி ஏசியதாக வழக்கிட வேண்டுமானால், அது பொதுமக்கள் பார்வையில் நிகழ்ந்திருக்க வேண்டும். ஆகவே பிற நோயாளிகளோ அவர்களுடன் வந்தவர்களோ யார் யார் கேட்டார்கள் என்பதை அன்றே எழுதி வைப்பது நல்லது.

இதைவிட அமைதியாக நடக்கும் மீறல் ஒன்று உண்டு. பிரசவம் முடிந்த கையோடு காப்பர்-டி பொருத்தப்பட்டு, வீடு திரும்பிய பிறகே பெண் அதை அறிகிறாள். கர்ப்பகாலப் பரிசோதனைகளின்போதே விளக்கிச் சம்மதம் பெற வேண்டிய சாதனம் அது. பிரசவ வலியின் உச்சத்தில் கேட்டு வாங்கும் தலையசைப்பு சம்மதமாகாது. அகற்றக் கேட்டு வருபவளைத் திருப்பி அனுப்பும் உரிமையும் செவிலியருக்கு இல்லை. இலக்கு நெருக்கடியில் தவிக்கும் செவிலியரை மட்டும் குற்றவாளியாக்குவது எங்கள் நோக்கமன்று. உத்தரவு மேலிருந்து வருகிறது.

அந்த இலக்கு வெறியின் விலையை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டம் கண்டது. ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. 13 பேர் மாண்டனர். தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல், மூன்றாண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களைக் கைவிட வேண்டும் என்றது. அறுவைக்கு முன் விவரங்களைப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்கி, மனம் மாறினால் விலகிக்கொள்ள ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவகாசம் தர வேண்டும் என்றும் கூறியது. அந்த ஒரு மணி நேரம் எத்தனை வார்டுகளில் கிடைக்கிறது?

கருக்கலைப்பிலும் இதே கதைதான். வயதுவந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே போதுமானது என்கிறது 1971ஆம் ஆண்டுச் சட்டம். கணவர் கையெழுத்தைக் கேட்பது சட்டத்தில் இல்லாத நிபந்தனை. இத்தகைய கூடுதல் நிபந்தனைகளை 2022 செப்டம்பர் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரையிலான விதி பொருந்தும் என அதே தீர்ப்பு உறுதிசெய்தது.

புகார் எழுதும் முன் சிகிச்சைப் பதிவேட்டின் நகலைக் கேட்டு விண்ணப்பியுங்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதிகளின்படி 72 மணி நேரத்திற்குள் அது வழங்கப்பட வேண்டும். சம்மதப் படிவத்தில் கைநாட்டு யாருடையது, எந்த நேரத்தில் வைக்கப்பட்டது என்பதை அதிலிருந்துதான் நாங்கள் தேடத் தொடங்குகிறோம்.