கோட்டைக்குள் ஓர் ஆயர் பீடம்

நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் செல்லும் நம்மில் பலர் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் சிதைவுகளைக் கண்டிருப்போம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதனைக் கைப்பற்றித் தகர்த்தார். கோட்டை என்றதும் மன்னரும் கும்பினியாரும் நம் நினைவுக்கு வருவர், ஆயர் வருவதில்லை. ஆனால் இடைக்கால ஐரோப்பாவில் ஆயர்களுக்கும் கோட்டைகள் இருந்தன. இங்கிலாந்தில் 1072இல் கட்டத் தொடங்கிய டர்ஹாம் கோட்டையின் ஆயர்கள் படை திரட்டினர், நாணயம் அடித்தனர், நீதிமன்றமும் நடத்தினர்.

மந்தையை மேய்ப்பவர் மதிலுக்குள் குடியேறினால் என்ன நேரும்? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு வரலாறு உண்டு. தமிழ்த் திருச்சபையோடும் அதற்கு உறவு உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பெரியாற்றின் கழிமுகத்தருகே, கொடுங்களூரில், போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் ஒரு கோட்டை எழுப்பினர். மிளகு ஏற்றிய படகுகள் வந்துபோகும் நீர்வழிக்கு அது காவல். அதன் மதில் 18 அடிப் பருமன் உடையது என்பர். சேசு சபையைச் சேர்ந்த கத்தலான் நாட்டவரான பிரான்சிஸ் ரோஸ், தோமா கிறிஸ்தவர்களின் பழம்பெரும் பீடமான அங்கமாலிக்கு ஆயராக 1601இல் அருட்பொழிவு பெற்றார். 1609இல் அந்தப் பீடமே கொடுங்களூருக்கு மாற்றப்பட்டது. பீரங்கிகளின் நிழலில் பேராயருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. மக்களோ மதிலுக்கு வெளியே உள்நாட்டு ஊர்களில் இருந்தனர். எல்லை குறித்துக் கொச்சி ஆயரோடு மூண்ட வழக்கும் எளிதில் தீரவில்லை.

ரோஸ் ஆண்டகையைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. சிரியாக்கிலும் மலையாளத்திலும் வல்லவர் அவர். மதுரை மறைத்தளம் அவரது ஆளுகையில் இருந்தது. மண்சுவர்க் குடிலில் துறவியாய் வாழ்ந்த இராபர்ட் தெ நொபிலியைக் கோவாவில் பலர் பழித்தபோது, 1619இல் அங்குக் கூடிய அவையில் அவருக்காக வாதாடியவர் இப்பேராயரே. 1623இல் உரோமை நொபிலியின் பக்கம் நின்றது. மதில் சூழ்ந்த ஊரில் அமர்ந்தவர் மதிலற்ற குடிலுக்குத் துணை நின்றது நமக்கு வியப்பே!

பின்வந்த பேராயர் கார்சியாவின் காலத்தில் இடைவெளி பிளவாயிற்று. 1653 சனவரி 3ஆம் நாள் மட்டாஞ்சேரியில் தோமா கிறிஸ்தவர்கள் பெருந்திரளாய்க் கூடி, அவருக்குப் பணிவதில்லை என்று சூளுரைத்தனர். 'கூனன் குரிசு' என்று அதனைச் சொல்வர். 18 அடி மதில் அதனைத் தடுக்கவா முடியும்? 1662இல் டச்சுக்காரர் கோட்டையையே கைப்பற்றினர். 1790இல் திப்புவின் படை எஞ்சியதையும் தகர்த்தது.

கோட்டையை இழந்த சேசு சபையார் உள்நாட்டு ஊரான அம்பழக்காட்டில் கல்லூரி அமைத்தனர். அந்தாவ் தெ புரோயென்சா அடிகளார் தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி 1679இல் அங்குதான் அச்சேறியது. தமிழ்ச் சொற்களைக் காத்த அந்நூலை நாம் கொண்டாடத் தவறியது வருத்தத்திற்குரியது.

1624இல் மறைந்த ரோஸ் ஆண்டகை துயில்வது கொடுங்களூர்க் கோட்டையில் அன்று, பறவூர்க் கோவிலில். கோட்டை இருந்த கரையில் சில சுவர்த் துண்டுகளே எஞ்சியுள்ளன. அவ்விடத்திற்குக் கோட்டப்புரம் என்று பெயர். 1987இல் அமைந்த மறைமாவட்டம் அப்பெயரையே தாங்குகிறது.