லிமோனே ஊரார் கொடுத்த ரத்தம்

கொழுப்பைச் சுமக்கும் புரதங்களைப் பற்றிப் புதிய ஆய்வு மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஓர் ஊரின் கதையைத்தான். வட இத்தாலியில், கார்தா ஏரியின் மேற்குக் கரையில், செங்குத்துப் பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கிறது லிமோனே.

எலுமிச்சை அந்த ஊரின் பழைய தொழில். ஆல்ப்ஸ் அடிவாரக் குளிர் எலுமிச்சைக்கு ஆகாது. அதனால் வரிசையாகக் கல்தூண்கள் எழுப்பி, குளிர்காலத்தில் மேலே பலகையும் முன்னே கண்ணாடியும் போட்டு மூடுவார்கள். வெயில் திரும்பியதும் எல்லாவற்றையும் கழற்றுவார்கள். 1786 செப்டம்பரில் படகில் அவ்வழியே போன கவிஞர் கதே, படிப்படியாக ஏறும் அந்தத் தோட்டங்களைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் மரங்களை நோய் தாக்கியது. இத்தாலி ஒரே நாடான பிறகு தெற்கத்திய எலுமிச்சையோடு போட்டியும் சேர, தொழில் நொடித்துப்போனது.

1931-இல் கரையோரச் சாலை திறக்கும்வரை ஊருக்குப் போக ஏரியை விட்டால் மலைப்பாதைதான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே நடந்தன. ஒரு குடும்பத்தில் பிறந்த மரபணு மாற்றம் ஊரைவிட்டுப் போகாமல் தங்கியது அதனால்தான்.

1970-களில் மிலானில் ஆய்வாளர் செசாரே சிர்த்தோரியின் குழு, இவ்வூரில் பிறந்த ரயில்வே ஊழியர் ஒருவரைப் பரிசோதித்தது. ட்ரைகிளிசரைடு மிக அதிகம். நல்ல கொழுப்பு என்கிற எச்.டி.எல். மிகக் குறைவு. பாடப்புத்தகத்தின்படி ரத்தக்குழாய் அடைத்திருக்க வேண்டும். அடைப்பின் அறிகுறியே இல்லை! அவருடைய மகனுக்கும் மகளுக்கும் அதே நிலை. எச்.டி.எல்.லின் முக்கியப் புரதமான அப்போ ஏ-ஒன்னில் 243 அமினோ அமிலங்கள் உண்டு. இவர்களிடம் 173-ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதிலாக சிஸ்டீன் இருந்தது. சாதாரண அப்போ ஏ-ஒன்னில் சிஸ்டீனே கிடையாது. சிஸ்டீனிலுள்ள கந்தகத்தால் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன.

குழு லிமோனேக்குப் போனது. ஊரே கை நீட்டி ரத்தம் கொடுத்தது. 1985-இல் வெளியான கட்டுரையில் இந்த மாற்றம் உள்ளவர்கள் 33 பேர். பழைய ஆவணங்களைப் புரட்டியபோது அத்தனை பேரும் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரே தம்பதியின் வழிவந்தவர்கள் என்று தெரிந்தது. தலைமுறை தலைமுறையாகப் பிறப்பையும் திருமணத்தையும் பதிந்து வைத்தவர்களின் உழைப்பு, எங்கள் சென்ட்ரிஃபியூஜுக்குச் சற்றும் குறைந்ததல்ல. ஆனால் புரதத்துக்குக் கிடைத்த பெயர் 'ஏ-ஒன் மிலானோ'. லிமோனேக்கு அதில் இடமில்லாதது எனக்கு இன்றும் மனக்குறைதான்.

முப்பது சொச்சம் பேரின் ரத்தத்திலிருந்து உலகத்துக்கு மருந்து எடுக்க முடியாது. எனவே மரபணுவை இ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துப் புரதத்தை உற்பத்தி செய்தார்கள். 2003-இல் 47 நோயாளிகளின் முடிவுகள் வெளிவந்தன: வாரம் ஒன்றாக ஐந்து முறை சிரையில் ஏற்றியதில், மருந்து பெற்றவர்களின் இதயக்குழாய்ப் படிவு சற்றே சுருங்கியிருந்தது. மறு ஆண்டே அந்த மருந்தை உருவாக்கிய சிறு நிறுவனத்தை ஃபைசர் 130 கோடி டாலருக்கு வாங்கியது. பின்னாளில் வேறொரு நிறுவனம் நடத்திய சோதனையில் ஸ்டாட்டின் மாத்திரைக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை; 2016-இல் முயற்சி கைவிடப்பட்டது.

பாக்டீரியாவில் அப்போ ஏ-ஒன் தயாரிக்கும் வேலை அதோடு நிற்கவில்லை. அதன் சுருக்கிய வடிவங்களைக் கொண்டு கொழுப்பு மூலக்கூறுகளைச் சின்னஞ்சிறு வட்டுகளாகக் கட்டலாம். தண்ணீரில் தனியே நிற்காத சவ்வுப் புரதங்களை அவற்றில் பொருத்தி ஆராயலாம். மாணவர்களை நான் முதலில் பழக்குவது இந்த வட்டு கட்டும் வேலையில்தான்.